சிரேன்: அளவையும் சிலுவையையும் சுமந்த நகர்



தவக்காலத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறோம். சிரேன் ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவுகிறார். சீமோனை நமக்குத் தெரியும். அவருடைய ஊரைப் பற்றி நாம் நினைப்பது குறைவு. இன்றைய சிந்தனையில் அந்த ஊருக்கே போய் வருவோம்.

சிரேன், இன்றைய லிபியா நாட்டின் வடகிழக்கே இருந்த கிரேக்க நகரம். தேரா என்னும் தீவில் மழை பொய்த்தபோது, கி.மு. 631ஆம் ஆண்டளவில் அங்கிருந்து கடல் கடந்து வந்தவர்கள் அதை நிறுவினார்கள். பாலைவன நாட்டில் மழை பெறும் மலைப்பகுதி அது. அரபு மொழியில் அந்த மலைக்கு ஜெபல் அக்தர் என்று பெயர். தமிழில் சொன்னால் பச்சை மலை. கொல்லிமலைக்குப் பக்கத்திலேயே பச்சைமலையை வைத்திருக்கும் நமக்கு இந்தப் பெயர் அந்நியமானதன்று. மலையும் மழையும் விளைச்சலும் உள்ள ஊரிலிருந்து வந்தவர் சீமோன்.

இந்த ஊர் உலகுக்குத் தந்த முதல் கொடை கணக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இங்கே தியோடோரஸ் என்னும் கணித ஆசிரியர் இருந்தார். 3 சதுர அடி பரப்பு வரும்படி ஒரு சதுரம் வரைந்தால் அதன் ஒரு பக்கம் எவ்வளவு நீளம்? ஒன்றேமுக்கால் அடி என்றால் சற்று அதிகமாகிவிடும். எந்தப் பின்னத்தைச் சொன்னாலும் கொஞ்சம் கூடும் அல்லது கொஞ்சம் குறையும். மிகச் சரியான பின்னம் கிடையவே கிடையாது. 3 முதல் 17 வரை உள்ள எண்களை எடுத்து, முழு எண்ணை வர்க்கமூலமாகக் கொண்ட 4, 9, 16 நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் இதை அவர் நிறுவிக் காட்டினார். கண்முன் நிற்கும் ஒரு கோட்டின் நீளத்தைக்கூடப் பின்னத்தால் சொல்லி முடிக்க இயலாது என்பதை மனித அறிவு தானே கண்டுபிடித்தது. அறிவு தன் எல்லையைத் தானே கண்டுகொள்வதும் ஒரு வகைத் தாழ்ச்சிதான்.

இரண்டாமவர் எரடோஸ்தனிஸ். கி.மு. 276ஆம் ஆண்டளவில் சிரேனில் பிறந்தவர். எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்தார். தெற்கே சியேன் என்னும் ஊரில், ஆண்டின் மிக நீண்ட பகல் அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் விழாது என்று அவர் அறிந்திருந்தார். அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழல் காட்டிய கோணம் ஒரு முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் 5,000 ஸ்டேடியா என்பது அக்காலக் கணக்கு. அப்படியானால் பூமியின் சுற்றளவு அதைப்போல் 50 மடங்கு, அதாவது 2,50,000 ஸ்டேடியா. இன்று நாம் அறிந்த சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஸ்டேடியா என்ற அளவை அறிஞர் பலவாறு கணித்தாலும், அவர் வழி சரியான வழி.

இதை நம் ஆலத்தூர் நாட்டுப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். நம் மலையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும், ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்று அதைச் சொல்வார்கள். சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டுவைத்தால், அந்த ஒரு நிமிடத்தில் அதன் நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஒரு கோலும் ஒரு நிழலும் கொண்டு பூமியை அளக்கலாம் என்றால், கணக்கு நமக்கு வராது என்று நம் பிள்ளைகள் ஏன் ஒதுங்க வேண்டும்?

இந்தக் கதை நம் தமிழ் மண்ணிலும் தொடர்ந்தது. திருத்தூதர் தோமா உயிர்துறந்த இடமாக நாம் போற்றும் பரங்கிமலையின் அடிவாரத்தில்தான், 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் இந்திய நிலத்தை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அந்தப் பணி இமயம் வரை போனது. கோணம் அளக்கும் அவருடைய பெரிய கருவி ஏறத்தாழ அரை டன் எடை. அதை மலைமலையாக ஏற்றியவர்கள் கூலியாட்கள். லாம்ப்டன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

அன்புக்குரியவர்களே, இங்கேதான் நற்செய்தி வேறுபடுகிறது. சிலுவையைத் தூக்கச் சொன்ன படைவீரரின் பெயரை அது சொல்லவில்லை. சுமந்தவரின் பெயரைச் சொல்கிறது. அவருடைய ஊரைச் சொல்கிறது. அவர் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார் என்கிறது. மாற்கு நற்செய்தியாளர் இன்னும் ஒரு படி மேலே போய், அவருடைய பிள்ளைகள் அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் பெயரையும் எழுதிவைக்கிறார். சாலை வருமுன் மிளகையும் பலாவையும் தலைச்சுமையாகக் கீழே இறக்கிய நம் முன்னோரை யார் எழுதிவைத்தார்கள்? கடவுள் எழுதிவைத்திருக்கிறார் என்பதற்குச் சீமோனின் பெயரே சாட்சி.

சிரேன் மக்களின் பணி அதோடு முடியவில்லை. பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களில் சிரேன் பகுதியினரும் இருந்தார்கள். பின்னர் சைப்பிரசையும் சிரேனையும் சேர்ந்த சிலர் அந்தியோக்கியாவுக்குச் சென்று, யூதர் அல்லாத கிரேக்கரிடமும் ஆண்டவர் இயேசுவை அறிவித்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த ஊரில்தான் சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்டார்கள். பிற இனத்தாராகிய நம்மை நோக்கி நற்செய்தி நடக்கத் தொடங்கியதில் பெயர் தெரியாத அந்தச் சிரேன்காரர்களுக்கும் பங்கு உண்டு.

கணக்கும் நம்பிக்கையும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததையும் இந்த ஊரில் காண்கிறோம். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரேனில் வளர்ந்த சினேசியுஸ், அலெக்சாந்திரியாவில் ஹிப்பாத்தியா என்னும் பெண் கணித அறிஞரிடம் பயின்றார். ஹிப்பாத்தியா கிறிஸ்தவர் அல்லர். ஏறத்தாழ 410இல் சினேசியுஸ் ஆயராகத் தேர்ந்துகொள்ளப்பட்டார். தமக்குள்ள ஐயங்களை மறைக்காமல் எழுதித் தெரிவித்த பிறகே அப்பொறுப்பை ஏற்றார். ஏழைகளை வதைத்த ஆளுநர் அன்றோனிக்குஸைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அதே ஆளுநர் பதவி இழந்து துன்புற்றபோது, அவருக்காகப் பரிந்து பேசியவரும் இந்த ஆயரே. தம் பிள்ளைகளைச் சாவுக்குப் பறிகொடுத்து நொந்திருந்த நாள்களில், தம் ஆசிரியையைத் தாயாகவும் சகோதரியாகவும் எண்ணிக் கடிதம் எழுதினார்.

சினேசியுஸின் மறைவுக்குப்பின், 415இல், கிறிஸ்தவர் என்ற பெயரைத் தாங்கிய ஒரு கும்பல் ஹிப்பாத்தியாவைக் கொடூரமாகக் கொன்றது. இதை நாம் மறைக்கக் கூடாது. கிறிஸ்துவின் பெயரால் மற்றவர் தோளில் சிலுவையை ஏற்றுகிறவர்களும் உண்டு, மற்றவரின் சிலுவையைத் தாங்குகிறவர்களும் உண்டு. இருவரும் ஒரே ஆலயத்தில் நிற்கக்கூடும். நாம் யாராக நிற்கிறோம்?

மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டி அமர வைக்கிறோமா? வேலை தேடிக் கீழ்நாட்டுக்கு இறங்கும் பெற்றோரோடு போய்ப் படிப்பை நிறுத்தும் சிறுமி நம் பங்கில் இருந்தால், அவள் தேர்வு எழுதி முடிக்கும்வரை பக்கத்து வீட்டார் இரண்டு மாதம் சோறு போட்டுத் தங்க வைக்க முடியாதா? நம் கோவிலுக்கு வராத குடும்பத்தின் நோயாளியை 70 கொண்டை ஊசி வளைவு இறக்கி மருத்துவமனை சேர்க்க நாம் முன்வருகிறோமா? சீமோன் விரும்பிப் போகவில்லை, கட்டாயத்தால் சுமந்தார். நமக்கு யாரும் கட்டளையிடவில்லை. அதனால் நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

சிரேன் நகர் இன்று இடிந்த தூண்களாக நிற்கிறது. அதன் அளவுகள் பள்ளிப் பாடத்தில் வாழ்கின்றன. அதன் உழவர் ஒருவரின் பெயர் நம் சிலுவைப்பாதையில் வாழ்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஐந்தாம் நிலையில் முழந்தாளிடும்போது, இந்த வாரம் யாருடைய சுமைக்கு நம் தோளைக் கொடுப்போம் என்று ஒரு பெயரை மனத்தில் வைத்து மன்றாடுவோம். அந்தப் பெயருக்குரியவரின் வீட்டுக்கு நடந்து போகும் வலிமையை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.