மெக்சிக்கோச் சோறும் வன்னிக் கௌபியும்

கொள்முதல், விற்பனை, கடன் என்று ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குப் பார்க்கும் நாம், பகல் சாப்பாட்டை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. வவுனியா பஸாரிலோ கிளிநொச்சி ஏ-9 வீதியிலோ கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு மணியானால் பார்சல் வந்துவிடும். பிரித்தால் முக்கால்வாசி வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டுக் கோழி, ஒரு கரண்டிப் பருப்பு, ஒரு அப்பளம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் கல்லாவிலேயே தூக்கம். மேசை லாச்சிக்குள் சீனி வருத்தக் குளிசை வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வெளிநாடுகளில் வேலைக்குச் செல்வோர் விடுமுறை நாளில் சமைத்து, டப்பாக்களில் பிரித்து வைத்து, வாரநாட்களில் எடுத்துச் செல்கிறார்கள். அதில் பெயர் பெற்றது மெக்சிக்கோ பாணிச் சோற்றுக் கிண்ணம். 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆரம்பமான சிபொட்லே உணவகம், ரொட்டியில் சுற்றி விற்ற பண்டத்தை ரொட்டி இல்லாமல் கிண்ணத்திலும் போட்டு விற்றது. இதன் பிரபல்யத்துக்கு அந்நிறுவனமும் ஒரு காரணம். சோறு, அவித்த பீன்ஸ், சோளம், கோழி, பச்சைத் தக்காளிச் சம்பல், ஆனைக்கொய்யா. அவ்வளவுதான்.

பெயர்தான் புதிது. மிளகாயும் சோளமும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து நமது அடுப்படிக்கு வந்தவையே. மெக்சிக்கோவுக்கு அரிசியைக் கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். அவர்களின் கறுப்பு பீன்ஸுக்குப் பதிலாக நம்மிடம் கௌபி இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு மேட்டுக்காணிகளில் விளைவதை விட்டுவிட்டு டின்னில் அடைத்ததைத் தேடுவானேன்? அந்த டின்களில் இன்னொரு விடயமும் உண்டு. மெக்சிக்கோ முறைப்படி மசித்து வதக்கிய பீன்ஸுக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். லேபிளை வாசிக்காமல் வாங்க வேண்டாம்.

வியாபாரியாக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ கோழியைச் சமைத்தால் எலும்பும் நீரும் போய்ச் சுருங்கும். ஒரு கிலோ கௌபியை ஊறவைத்து அவித்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோவாகப் பெருகும். காய்ந்த கௌபியில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம். கோழியைப் பாதியாகக் குறைத்துக் கௌபியைக் கூட்டினால் செலவும் குறையும், வயிறும் நெடுநேரம் தாங்கும்.

செய்முறை சிரமமில்லை. இரவு ஊறிய கௌபியை உப்பு, உள்ளி, சீரகம் போட்டுக் குழையாமல் அவிக்கவும். எலும்பில்லாக் கோழியை மிளகாய்த்தூள், சீரகத்தூள், தேசிப்புளி தடவிக் கொஞ்ச எண்ணெயில் வாட்டவும். சோளத்தை அவித்து உதிர்க்கவும். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலையை அன்றன்று காலையில் வெட்டித் தேசிப்புளி விடவும். சோறு தவிட்டோடு கூடிய சிவப்பரிசியாக இருக்கட்டும். கிண்ணத்தில் கால் பங்கு சோறு, கால் பங்கு கௌபியும் கோழியும், மீதி அரைவாசி மரக்கறி. சோளமும் மாச்சத்துத்தான், அதையும் சோற்றுப் பங்கிலேயே சேர்க்க வேண்டும். ஆனைக்கொய்யா மலைநாட்டிலிருந்து வருவதால் சில நாட்களில் விலை கடிக்கும். அப்போது ஒரு பிடி வறுத்த கச்சான் போதும்.

ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் சமைப்பது நமது வெக்கைக்குச் சரிவராது. அவித்த கௌபியும் கோழியும் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாட்கள் இருக்கும். சோற்றில் அப்படி விளையாட முடியாது. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாகாதவை. சோறு வெளியில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே மற்றவற்றை முன்கூட்டியே செய்து வைத்துச் சோற்றைக் காலையில் மட்டும் ஆக்குவதே நல்லது. சூடாக எடுத்துச் செல்வதானால் சூடு தாங்கும் பாத்திரம் வேண்டும். நீண்ட நேரம் கரண்ட் போன நாளில் பெட்டியில் இருந்ததை நம்பிச் சாப்பிட வேண்டாம்.

வீட்டிலிருந்தபடி வருமானம் தேடும் சகோதரிகள் பக்கத்துக் கடைகள் பத்துக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் உள்ளூராட்சி சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் விசாரித்து அனுமதி பெறவேண்டும். லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. ஆளுக்கு இரண்டு எவர்சில்வர் டப்பா வாங்கி, ஒன்றைக் கொடுக்கும்போது மற்றதைத் திருப்பி எடுத்தால் பொதிச் செலவு முதல் மாதத்தோடு முடிந்துவிடும். டப்பாவுக்கு முற்பணம் வாங்க மறக்க வேண்டாம். திரும்பி வராத டப்பாவும் நட்டக் கணக்குத்தான்.