சிவப்பு விளக்கு: கண்ணுக்கு ஊட்டமா, ஏமாற்றமா?

விசைத்தறிகளுக்குப் பேர்போன நகரியை அடுத்துள்ளது விஜயபுரம். அடர்நீல நூலையும் கறுப்பு நூலையும் பிரித்தறிய வெளிச்சத்தைத் தேடும் முதியவர்கள் இங்கு மட்டுமல்ல, எங்கும் உண்டு. இவர்களுக்காகத்தான் சந்தைக்கு வந்திருக்கிறது, வீட்டிலேயே கண்ணுக்குக் காட்டிக்கொள்ளும் சிவப்பு விளக்கு.

நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வயது ஏற ஏற, விழித்திரை செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சோர்ந்துவிடுகின்றன. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் கிளென் ஜெஃப்ரி குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேர் தினமும் 3 நிமிடம் 670 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில், 40ஐத் தாண்டிய சிலருக்கு நிறங்களைப் பிரித்தறியும் திறன் 20 சதவீதம்வரை கூடியது. காலையில் ஒரே ஒருமுறை பார்த்தாலும் பலனுண்டு, பிற்பகலில் இல்லை என்றது 2021 ஆய்வு.

சிக்கல் வேறிடத்தில். சோதனையில் பங்கேற்றவர்கள் கண்நோய் இல்லாதவர்கள், எண்ணிக்கையிலும் சிலரே. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியும் புரைக்கு அறுவை சிகிச்சையும்தான் வழி. இந்தியாவில் 50 வயதைக் கடந்தோரின் பார்வையைப் பறிப்பதில் முதலிடம் புரைக்கே. விளக்கை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில், ஓசைப்படாமல் வரும் க்ளாகோமா பறித்த பார்வை திரும்பாது.

வயதானோரின் மாக்குலா சிதைவுக்கு ஓர் ஒளிக் கருவியை அமெரிக்கா 2024 நவம்பரில் அனுமதித்தது உண்மை. ஆனால் அது மருத்துவரிடம் பெறும் சிகிச்சை. சிறுவர்களின் கிட்டப்பார்வைக்கான இரு சிவப்பு லேசர் கருவிகள் மூன்று நிமிடத்திலேயே பாதுகாப்பு வரம்பைத் தொட்டன அல்லது தாண்டின என்று அதே ஆண்டு ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு எச்சரித்தது.

திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை முதலில். விளக்கு வாங்கும் யோசனை பிறகு.