மின்சாரக் கார் வாங்குமுன் ஒரு கணக்கு

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில் ஜெனரேட்டர் மின்சாரம்தான். இரவு பத்து மணி அடித்தால் விளக்கு அணைந்துவிடும். அதற்குள் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. அதே லயத்தின் வாசலில் 2025 தீபாவளியன்று ஒரு வெள்ளைக் கார், வீட்டுச் சன்னல் வழியாக இழுத்த வயரில் இரவு முழுவதும் மின்சாரம் குடித்துக்கொண்டு நின்றது. காலம் எப்படி மாறிவிட்டது, பார்த்தீர்களா?

அந்தக் காரைக் கொண்டுவந்தவர் என்னிடம் படித்த மாணவர். இன்று கோலாலம்பூரில் 4,800 வெள்ளி சம்பளத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். கார் அவருடையதன்று, நண்பருடையது. விடுமுறைக்கு இரவல் வாங்கி வந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "நீயும் ஒன்று வாங்கிவிடு தம்பி" என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். அப்படிச் சொன்னதுதான் நான் செய்த தவறு.

மறுநாள் மாலை அவருடைய தந்தை என் வீட்டுக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர், வயது 58. வந்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை.

"வாத்தியாரே, பையன் கார் வாங்கணும்னு சொல்றான். முன்பணத்துக்கு என் சேமநிதிக் காசைக் கேட்கிறான். நீங்களும் வாங்கச் சொன்னீங்களாம். இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு 60. இந்த வீட்டை விட்டுப் போகணும். போற இடம் எதுன்னு இன்னும் தெரியல. என்ன செய்யட்டும்?"

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதை நான் அறியாதவனா? ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குப் பிறகு எடுக்கக்கூடிய பணம்தான் நம்மில் பலருக்கு ஒரே மூலதனம். அதைத் தொடும் எந்த முடிவையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எடுக்கக்கூடாது. மகனையும் தந்தையையும் உட்கார வைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தக் கணக்கை இங்கே உங்களுக்கும் தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இதே கேள்வியோடு வரக்கூடும்.

இரண்டு கார்கள்

தம்பியின் மனத்தில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று அமெரிக்க நிறுவனமான டெஸ்லாவின் மாடல் 3. மற்றொன்று சீன நிறுவனமான பி.ஒய்.டி.யின் சீல். முன்னதன் தொடக்க வகை 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது 189,000 வெள்ளி. பின்னது 2024 பிப்ரவரியில் 179,800 வெள்ளியில் தொடங்கியது. ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. ஐ4 போன்றவை இதற்கும் மேலே. அவற்றை நாம் தூரத்தில் நின்று பார்த்தால் போதும்.

இரண்டில் எது மேல்? மாடல் 3-இன் தொடக்க வகை ஒரு முறை மின்னேற்றினால் 513 கிலோமீட்டர் ஓடும் என்றும், சீல் 570 கிலோமீட்டர் ஓடும் என்றும் தாளில் போட்டிருக்கிறார்கள். இவை சோதனைக்கூடத்துக் கணக்குகள். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு போனால் அவ்வளவு வராது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரண்டுக்கும் ஆறு விநாடி அளவே பிடிக்கும். வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

உள்ளே உட்கார்ந்தால் வேறுபாடு தெரியும். மாடல் 3-இல் ஓட்டுநர் முன்னால் வேகமானி இல்லை. எல்லாமே நடுவில் உள்ள ஒரே திரையில். சீலில் ஓட்டுநர் முன்னாலும் ஒரு சிறு திரை உண்டு. பழைய பழக்கக்காரர்களுக்கு இது எளிது. இரண்டிலும் உள்ள பேட்டரி லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்த வகை. மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கக்கூடியது. அடிக்கடி முழுதாக மின்னேற்றினாலும் அவ்வளவாகக் கெடாது.

மூன்று நாள் பழக்கம்

தம்பி என்னை அந்தக் காரில் தாப்பா பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விட்டார். எந்தக் கார் என்று எழுதினால் விளம்பரமாகிவிடும். அதனால் பெயர் வேண்டாம். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டம் சுகம். இயந்திரச் சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. வேகமிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மெல்ல வேகம் குறைகிறது. அப்படிக் குறையும்போது சக்கரத்தின் சுழற்சியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிப் போகிறது. கேமரன் மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு இது நல்ல வரவு. எஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, புகை இல்லை.

ஆனால் சத்தமில்லாத வண்டி லயத்துக்குள் வரும்போது கவனம் வேண்டும். கோலி விளையாடும் பிள்ளைக்கும் படுத்திருக்கும் ஆட்டுக்கும் அது வருவது எளிதில் தெரியாது. பேட்டரி வண்டியின் அடித்தளத்தில் இருக்கிறது. செம்மண் சாலையின் நடுமேட்டில் அடிப்பாகம் 'கரக்' என்று உரசியபோது எங்கள் இருவருக்கும் உயிர் போய் வந்தது. குலை ஏற்றும் லாரி போகும் பாதை இப்படிப்பட்ட தாழ்வான கார்களுக்கு ஏற்றதன்று. இந்த வகைக் கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமும் கிடையாது. இரவு நேரத்தில் தோட்டத்துச் சாலையில் ஆணி குத்தினால் இழுவை லாரிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

முக்கியமானது மின்னேற்றம். நம் வீட்டுச் சாதாரண மூன்றுமுனைப் பிளக்கில் மணிக்கு 2 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் ஏறும். பத்து மணி நேரம் போட்டால் ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கான மின்சாரம் கிடைக்கும். நாளொன்றுக்கு 40, 50 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது தாராளம்.

ஆனால் எங்கே போடுகிறோம்? தீபாவளியன்று தம்பி போட்டது கடையில் வாங்கிய நீட்டிப்பு வயர். விடியற்காலையில் அவருடைய தாயாருக்கு ஏதோ கருகும் வாடை வந்தது. எழுந்து பார்த்தால் பிளக்கின் ஒரு முனை உருகிப் பழுப்பாகியிருந்தது. சுவரைத் தொட்டால் சூடு. இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. அந்த வரிசையில் எட்டு வீடுகள். கூரைப் பலகையெல்லாம் பழைய மரம்.

வாசகர்களே, இதை மட்டும் மறக்க வேண்டாம். சோறு வடிக்கும் குக்கர் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய லயத்து வயரும் மெல்லிய நீட்டிப்பு வயரும் இதைத் தாங்கா. பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி வயரும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் பொருத்தாமல் காருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம். தோட்டத்து வீடு நம்முடையது அல்லாததால் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். இந்த அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் குடிக்கிறது என்று வைப்போம். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த வீட்டு மின்கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 45 சென். ஆக 7 வெள்ளி 20 சென். சிறிய பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 7 லிட்டர் குடித்தால், 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி 95 திட்டத்தின் விலையான 1 வெள்ளி 99 சென்னுக்கு, 13 வெள்ளி 93 சென். பாதி மிச்சம் என்று தம்பியின் முகம் மலர்ந்தது.

"சரி தம்பி, நீ கோலாலம்பூரில் எங்கே மின்னேற்றுவாய்?" என்று கேட்டேன்.

அவர் இருப்பது அடுக்குமாடியில் ஒரு வாடகை அறை. கார் நிறுத்தச் சொந்த இடம் இல்லை, பிளக்கும் இல்லை. பொது இடத்து விரைவு மின்னேற்றிதான் வழி. அங்கே யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல். 1 வெள்ளி 40 சென் என்று போட்டால் 100 கிலோமீட்டருக்கு 22 வெள்ளி 40 சென்! பெட்ரோலைவிடக் கூடுதல். அத்துடன் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்தை ஒட்டிய காத்திருப்பு. பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்தில் வரிசை வேறு.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் எப்படி? வீட்டில் மின்னேற்றினால் 108 வெள்ளி; பெட்ரோலுக்கு 209 வெள்ளி; விரைவு மின்னேற்றியை மட்டும் நம்பினால் 336 வெள்ளி. சொந்த வீட்டில் பிளக் உள்ளவருக்கு மாதம் 100 வெள்ளி மிச்சம். வாடகை அறைக்காரருக்கு 127 வெள்ளி நட்டம்.

அடுத்து தவணை. 180,000 வெள்ளிக் காருக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 18,000. மீதி 162,000 வெள்ளியை 2.5 விழுக்காட்டு வட்டியில் 9 ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 36,450 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 1,837 வெள்ளி. 55,000 வெள்ளிப் பெட்ரோல் காருக்கு இதே கணக்கில் 561 வெள்ளிதான். மாதம் 1,276 வெள்ளி கூடக் கட்டி 100 வெள்ளி மிச்சம் பிடிப்பதற்கு என்ன பெயர்? காப்புறுதியும் காரின் விலைக்கு ஏற்ப உயரும். 2025 வரை மின்சாரக் கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2026 ஜனவரி 1 முதல் அதுவும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்விரண்டு கார்களுக்கும் பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். கடனோ 9 ஆண்டு. உத்தரவாதம் முடிந்த பிறகும் ஓராண்டு தவணை கட்ட வேண்டும். அந்த ஆண்டில் பேட்டரிக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் போய் நிற்பது?

"சார், டிசம்பருக்குள் வாங்காவிட்டால் விலை ஏறிவிடும் என்கிறார்களே" என்றார் தம்பி. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு இருந்த வரி விலக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது உண்மைதான். ஆனால் உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 முடியும்வரை விலக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. புரோட்டோன் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 காரையும், 2025 அக்டோபரில் அதைவிடச் சிறிய இ.மாஸ் 5 காரையும் கொண்டுவந்தது. சிறியதன் விலை 60,000 வெள்ளியை ஒட்டித் தொடங்கியது. மின்சாரக் கார் ஓடிப்போகவில்லை. நம்மை நோக்கித்தான் இறங்கி வருகிறது. அவசரம் விற்பவருக்கு, வாங்குபவருக்கு அன்று.

முடிவு

தம்பி வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தை ஒன்றும் பேசவில்லை. கடைசியில் தம்பி, "அப்பா, காசை எடுக்க வேண்டாம். முதல்ல வீடு பார்ப்போம்" என்றார். அப்போதுதான் அந்தப் பெரியவர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

இன்று அந்தக் குடும்பம் பட்டணத்தருகே ஒரு சிறிய தரை வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறது. தம்பி பழைய பெட்ரோல் கார் ஒன்றை ஓட்டுகிறார். "வீட்டுக்கு வயர் இழுக்கும்போதே கார் நிறுத்தும் இடம்வரை ஒரு தனிக் குழாய் போட்டு வைக்கச் சொல்" என்று கூறியிருக்கிறேன். நாளை தேவைப்படும், அப்போது சுவரை உடைக்க வேண்டியதில்லை.

நான் மின்சாரக் காருக்கு எதிரி அல்லன். சொந்த வாசலும், சரியான வயரும், சம்பளத்துக்கு ஏற்ற விலையும் அமைந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். பட்டறையில் வேலை கற்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இந்தக் கார்களில் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாய்கிறது. பயிற்சி இல்லாமல் கை வைக்காதீர்கள்; முறையாகப் பயிற்சி பெறுங்கள். இந்தக் கார்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு வேலை காத்திருக்கிறது.

கார் வாசலில் நிற்பது அழகுதான். ஆனால் அந்த வாசல் நம்முடையதாக இருக்க வேண்டாமா? பெற்றோர்களே, பிள்ளைகளே, கையெழுத்துப் போடுமுன் ஒரு மாலைப் பொழுது நோட்டும் பென்சிலுமாக ஒன்றாக உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரம் ஒன்பது ஆண்டுக் கவலையைத் தவிர்க்கும்.