விழிமேல் அணியும் வில்லை

மூக்குக் கண்ணாடி அணிந்த பெண் என்றால் பெண் பார்க்க வருவோர் முகம் சுளிக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் முற்றாக மறையவில்லை. அதற்கு அஞ்சியே, படிப்பை முடிக்கும் மகளுக்குக் கான்டாக்ட் லென்ஸ் வாங்கித் தரும் பெற்றோர் விருதுநகரிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் உண்டு. அந்த முகச்சுளிப்பு நமக்கு உடன்பாடன்று. ஆயினும் லென்ஸ் அணிவதில் குற்றம் ஏதுமில்லை. நம் கவலை வேறு. வளையலும் பொட்டும் வாங்குவது போல அதனை வாங்கிவிடுகின்றனர். பேணும் முறையைக் கேட்டறிவோர் சிலரே. மணப்பெண் அலங்காரத்திற்கென நிற லென்சை ஒருத்தி கழற்றி மற்றொருத்திக்கு அணிவிப்பதும் நடக்கிறது. இது பிறர் உடலில் குத்திய ஊசியைத் தன் உடலில் குத்திக்கொள்வதை ஒத்த செயல்.

அழகுக்காக அன்றித் தேவைக்காகவே லென்ஸ் அணிவோரும் உளர். பட்டாசு வெடித்துக் கருவிழியில் தழும்பு விழுந்து, அதன் மேற்பரப்பு மேடுபள்ளமாகிவிட்டால் மூக்குக் கண்ணாடியால் அக்குறையை முழுதும் ஈடுசெய்ய இயலாது. கெட்டியான வகை லென்சை அணிவித்தால் அதற்கும் கருவிழிக்கும் இடையே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறது. தழும்பு அடர்ந்து நடுவே மறைக்காவிடில் பார்வை பெரிதும் தெளியும். அடிபட்ட ஒரு கண்ணின் உள்வில்லையை அகற்றிய பின் செயற்கை வில்லை பொருத்த இயலாமற் போனவர்க்கும் இது துணை. அவர் கண்ணாடி அணிந்தால் அந்தக் கண்ணில் உருவம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். இரு கண்களின் காட்சியும் இணையாது. லென்ஸ் அணிந்தால் அவ்வேறுபாடு பெரிதும் குறைகிறது. பட்டாசுத் தொழில் பரவிய நம் மாவட்டத்தில் இதனை அறிந்து வைப்பது நலம்.

கண்புரை அறுவையில் மருத்துவர் கண்ணுக்குள்ளே பொருத்தும் லென்ஸ் வேறு. அதனை 1992 முதல் மதுரையிலேயே அரவிந்த் நிறுவனத்தாரின் ஆரோலேப் உற்பத்தி செய்து வருகிறது. பாட்டிக்கு வைத்தது அந்த லென்ஸ். அதனைக் கழற்றவும் வேண்டா, கழுவவும் வேண்டா. பேத்தி அணிவது விழியின் வெளியே கண்ணீரில் மிதப்பது. அதற்கே இத்தனை காவலும்.

மென்மையான வகை லென்ஸ் பிறந்த கதை சுவையானது. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளைப் பூட்டித் தம் வீட்டிலேயே ஒரு சுழல் பொறி அமைத்து, நீரை உறிஞ்சும் பிளாஸ்டிக்கிலிருந்து அந்த லென்சை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்க அரசு அதன் விற்பனைக்கு இசைவளித்தது. ஆனால் நீரை உறிஞ்சும் அக்குணமே ஒரு தீங்குக்கும் வழி திறந்தது: நீரோடு அதிலுள்ள அனைத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

கருவிழிக்கு இரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகவே பெறுகிறது. உறங்கும்போது இமை மூடுவதால் அந்த வரவு குறையும். லென்சும் கிடந்தால் மேலும் குறையும். வாடிய கருவிழியில் கிருமி எளிதில் வேர்கொள்ளும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நடந்த ஆய்வொன்று 1989இல் வெளியாயிற்று. இரவில் கழற்றிவிடும் மென் லென்ஸ்காரர் பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு நால்வருக்குக் கருவிழிப் புண் வந்ததென்றும், இரவிலும் அணிந்தே உறங்குவதற்கான வகையை அணிந்தோரில் இருபது பேருக்கு மேல் வந்ததென்றும் அது காட்டிற்று. ஆகவே வேளாங்கண்ணிக்கு இரவுப் பேருந்தில் செல்லும் பிள்ளை, பேருந்து ஏறுமுன்பே லென்சைக் கழற்றிப் பெட்டியில் இட்டுவிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மழை குறைந்த நம் ஊர்களில் நீரைத் தொட்டியிலும் குடத்திலும் பல நாள் தேக்கி வைக்கிறோம். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் அக்கந்தமீபா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். குடித்தால் பொதுவாகத் தீங்கு செய்யாத அது, லென்சின் அடியில் சிக்கினால் கருவிழியை அரித்துவிடும்; அதற்குச் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். 1980களில் அமெரிக்காவில் பலர் செலவு கருதி உப்பு மாத்திரையை நீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் திரவம் செய்துகொண்டனர். அவர்களிடையே இந்நோய் பரவியது. லென்சையோ அதன் பெட்டியையோ தண்ணீரில் கழுவலாகாது. காய்ச்சி ஆறிய நீரும் உதவாது. லென்ஸ் அணிந்தபடி தலைக்குக் குளிப்பதும் கிணற்றில் நீந்துவதும் கூடாது. லென்ஸ் விழுந்ததும் எச்சிலில் நனைத்து மீண்டும் பொருத்துவோரைப் பற்றி என்ன சொல்ல!

திரவத்தைச் சிக்கனம் செய்வோர் 2006இல் நடந்ததை அறிய வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிவோர் பலருக்கு ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியாயிற்று. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட திரவத்தோடு இது தொடர்புற்றிருந்தமையால், அவ்வாண்டு மே மாதம் அத்திரவம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பெட்டியில் கிடந்த பழைய திரவத்தின் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கமும் ஆய்வில் சுட்டப்பட்டது. ஆதலால் நாள்தோறும் பழையதை முழுதும் கொட்டிவிட வேண்டும். சோப்பால் கைகழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்கையில் லென்சை வைத்துத் திரவம் விட்டு விரலால் மெல்லத் தேய்த்து அலச வேண்டும். வெறுமனே ஊறவைத்தால் அழுக்கு அகலாது. காலிப் பெட்டியைத் திரவத்தாலேயே அலசித் துடைத்துக் கவிழ்த்து உலர்த்துக. மூன்று மாதத்திற்கொரு முறை புதிது வாங்குக. மாத லென்ஸ் எனில், உறை பிரித்த நாளிலிருந்து முப்பதாம் நாள் அது குப்பைக்குரியது. நான்கு நாளே அணிந்தோம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

நம் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. பட்டாசு ஆலையில் அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றின் தூசி விரலிலும் ஆடையிலும் படிகிறது. அந்தத் தூசி லென்சின் அடியில் புகுந்தால் கருவிழியைக் கீறும். இமைத்துக் கழுவிவிட முடியாமல் அங்கேயே தங்கும். வேலைக்குச் செல்வோர் லென்சை வீட்டிலேயே விட்டுச் செல்வதே முறை. அச்சகத்தில் மையும் கரைப்பானும் கையாள்வோர்க்கும் இது பொருந்தும். தீபாவளியன்று வெடி கொளுத்தும் பிள்ளைகளும் லென்சைக் கழற்றிக் காப்புக் கண்ணாடி அணியட்டும். தீப்பொறி ஒளியில் லென்ஸ் உருகி விழியோடு ஒட்டிக்கொள்ளும் என்றொரு கதை முன்பு உலகெங்கும் உலவிற்று. அது வெறும் கதை.

மருந்துப்பொடியோ சுண்ணாம்போ கண்ணில் தெறித்துவிட்டால் மேற்சொன்ன தண்ணீர் விதி அக்கணமே தளர்ந்துவிடும். தயங்காது நிறைய நல்ல நீரை ஊற்றி ஊற்றிக் கழுவுக. லென்ஸ் நீரோடு வந்தால் வரட்டும். கழுவும்போது எளிதில் கழன்றால் எடுத்துவிடுக. அதனைத் தேடிக் கழற்றுவதற்காகக் கழுவுவதைத் தாமதிக்க வேண்டா. கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவியபின் மருத்துவமனைக்கு விரைக. ஆனால் வெடித்துக் கண் கிழிந்து குருதி வருமாயின் கழுவவும் அழுத்தவும் கூடாது. எதுவும் படாதவாறு ஒரு மூடியைக் கவிழ்த்துக் கட்டி அழைத்துச் செல்க.

லென்ஸ் அணிந்த கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அதனைச் ‘சாதாரண கண்வலி’ என எண்ணலாகாது. உடனே கழற்றிவிட வேண்டும். மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தோர், ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கண்டனர். நம் தென்னாட்டில் அப்புண்களுள் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருவன. வயலில் நெல் உமியோ முள்ளோ பட்டுத் தொடங்குவன மிகுதி. அவற்றிலும் முன்னிற்பது அதே ஃபியூசேரியம். ஆக, நம் ஊர்க் காற்றிலும் மண்ணிலும் அது காத்தே கிடக்கிறது. பூஞ்சைப் புண்ணுக்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து நெய் வார்த்த நெருப்பு. கண் சிவந்ததும் கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் சொட்டில் அதுவே கலந்திருக்கக்கூடும். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விளக்கெண்ணெயும் அன்போடு பிழிந்து ஊற்றும் பெரியவர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் கையைத் தடுக்கவும் வேண்டும்.

கண் மருத்துவரிடம் அன்றே செல்க. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் உள்ளது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. கழற்றிய லென்சையும் பெட்டியையும் திரவப் புட்டியையும் ஒரு பையிலிட்டு உடன் கொண்டு செல்லுங்கள். புண்ணைச் சுரண்டி எடுப்பதோடு அவற்றையும் ஆய்ந்தால் எந்தக் கிருமி என அறிய உதவும். புண் ஆறி, மருத்துவர் சொல்லும் வரை அணிய, வீட்டில் ஒரு மூக்குக் கண்ணாடி தயாராக இருக்கட்டும். லென்ஸ் வாங்கும் நாளிலேயே அதனையும் செய்து வைப்பது நன்று.