குப்பைமேட்டுக்கு வந்த விலை

நியூயார்க்கின் மாடமாளிகை கண்டு மலைக்கிறோம், தோழர்களே! அந்நகரின் பவரி வீதி முனையில் குப்பைமேடாய்க் கிடந்த மனையை, 1973-இல், தோட்டமாக்கினர் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும். மறு ஆண்டு, மாதம் ஒரு டாலர் வாடகைக்குத் தந்தது நகராட்சி. ஏழையர் வீதிகளெங்கும் பரவிற்று அப்பணி. மண்ணைக் கொத்தியவருக்கு உடல் உரம், உலைக்குக் காய்கறி, கதவடைத்துக் கிடந்த முதியவருக்குப் பேச்சுத்துணை! மருந்துக்கடையிலே கிடைக்குமா இவை, கேட்கிறோம்?

விட்டார்களா? 1999-இல், நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலமிட முனைந்தார் மேயர் ஜூலியானி! குப்பையாய்க் கிடந்தபோது ஏறெடுத்தும் பாராதவர்கள், வியர்வை சிந்திப் பசுமையாக்கியதும் விலை பேசினர். மக்கள் கிளர்ந்தனர், கைதாயினர். ஏலத்துக்கு முதல்நாள், நடிகை பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும், நில அறக்கட்டளை ஒன்றும் 42 லட்சம் டாலர் கொட்டி அவற்றை மீட்டன. ஊர் நிலத்தை ஊருக்கே விற்ற வாணிபம்! பவரித் தோட்டம் இன்றும் பூக்கிறது.