கெமர் ராக்கும் டெங்கு ஃபீவர் இசைக்குழுவும்

தாமே பாடல்கள் புனைந்த நொரோதம் சிஹானூக்கின் ஆட்சியில் செழித்த கம்போடிய மெல்லிசை, 1960-களின் பிற்பகுதியில், வியத்நாமில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினருக்கான வானொலி புனோம் பென் நகரிலும் கேட்கத் தொடங்கியபின், மின்கிதாரையும் மின்ஆர்கனையும் தன்வயமாக்கிக்கொண்டு கெமர் ராக் என்னும் வடிவத்தை எய்தியது. சின் சிசமுத், ரோஸ் செரே சோதியா, பென் ரான் ஆகிய பாடகர்கள் புகழின் உச்சியில் இருந்தபோது, 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை தலைநகரைக் கைப்பற்றியது. 1979 சனவரி வரை நீடித்த அவ்வாட்சியில் மாண்டோர் ஏறத்தாழ 17 லட்சம் பேர்; மேற்சொன்ன மூவரும் எங்கே, எவ்வாறு உயிரிழந்தனர் என்பதற்கு இன்றளவும் உறுதியான சான்று இல்லை.

எஞ்சியவை ஒலிநாடாக்களே. 1990-களின் பிற்பகுதியில் கம்போடியாவுக்குச் சென்ற அமெரிக்கர் ஈத்தன் ஹோல்ட்ஸ்மன், உடன்வந்தவர் டெங்குக் காய்ச்சலில் விழுந்த அந்தப் பயணத்தில்தான் இப்பாடல்களைக் கேட்டார். 2001-இல் தம் சகோதரர் சாக் ஹோல்ட்ஸ்மனுடன் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அவர் தொடங்கிய குழு, அந்நோயின் பெயரையே தாங்கியது. கம்போடிய அகதிகள் பெருந்தொகையாகக் குடியேறிய அருகிலுள்ள லாங் பீச் நகரின் டிராகன் ஹவுஸ் கேளிக்கை விடுதியில் பாடிவந்த சோம் நிமோல், அக்காலத்தில் ஆங்கிலம் அதிகம் அறியாதவராயினும், குழுவின் குரலானார்.

இக்குழு கையாளும் சைக்கடெலிக் ராக் என்பது, 1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தோன்றி, எதிரொலி, நீண்ட வாசிப்பு, திரித்த கிதார் ஒலி ஆகியவற்றால் மனமயக்க நிலையை இசையில் உருவாக்க முயன்ற பாணியாகும். மெல்லிய, கூரிய நாதமுடைய ஃபார்ஃபிசா என்னும் இத்தாலிய மின்ஆர்கனை ஈத்தன் வாசிக்க, கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவியைச் சாக் கையாள, அவற்றோடு டேவிட் ராலிக்கின் சாக்ஸபோன் இணைகிறது. இவற்றுக்கு மேலே ஒலிக்கும் நிமோலின் குரலோ, கெமர் மரபுக்குரிய நெளிவுகளுடன், அடித்தொண்டையிலிருந்து உச்சக்குரலுக்கு ஒரே தாவலில் ஏறி இறங்குகிறது. தாய், வியத்நாமிய மொழிகளில் போலச் சுர வேறுபாட்டால் சொற்பொருள் மாறும் இயல்பு பொதுக் கெமர் மொழிக்கு இல்லாமையால், இக்குரல் அசைவுகளுக்குப் பொருட்சிதைவு என்னும் தடை எழுவதில்லை.

பெரும்பாலும் பழைய பாடல்களின் மறுபாடல்களால் அமைந்த 2003-ஆம் ஆண்டின் முதல் தொகுப்போடு குழு நின்றிருந்தால், அதை நல்ல நகல் என்பதற்குமேல் மதிப்பிட இடமிருந்திராது. ஆனால் 2005-இல் வெளிவந்த 'எஸ்கேப் ஃப்ரம் டிராகன் ஹவுஸ்' தொகுப்பில், ஆங்கிலத்தில் எழுதிக் கெமருக்குப் பெயர்த்த சொந்தப் பாடல்கள் முதன்மை பெற்றன; இறந்தோரின் இசையைக் காட்சிப்பொருளாக்காமல், அம்மொழியில் புதியன படைக்க இயலும் என்பதை அவை மெய்ப்பித்தன. அதே ஆண்டு கம்போடியாவில் குழு நிகழ்த்திய இசைப்பயணத்தை, ஜான் பிரோசி 2007-இல் ஆவணப்படமாக்கினார்.

அமெரிக்கரான வெள்ளையர் பிறர் துயரத்தின் மிச்சத்தை விலைபொருளாக்குகின்றனரோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. 1996-இல் அமெரிக்காவில் வெளியான 'கம்போடியன் ராக்ஸ்' தொகுப்பு, பாடியவர்களின் பெயர்களைக்கூடக் குறிப்பிடாமல் விற்பனைக்கு வந்தது. அதற்கு மாறாக, டெங்கு ஃபீவர் குழுவினர் தேர்ந்தெடுத்து 2010-இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கம்போடியா' பழம்பாடல் தொகுப்பு, மூலக் கலைஞர்களைப் பெயர் சுட்டி முன்னிறுத்தியது. எவருக்குக் கடன்பட்டுள்ளனர் என்பதை மறைக்காமல், அக்கடனைப் புதிய படைப்பால் அடைக்க முனைந்ததே இக்குழுவின் பணிக்கு நியாயம் சேர்க்கிறது. ஆயினும் இக்குழுவின் இசையைக் கேட்போர், சிசமுத்தையும் சோதியாவையும் தேடிக் கேட்ட பின்னரே கெமர் ராக்கை அறிந்தவராவர்.

(தொடரும்)