‘வாஷிங்டன்’... இங்கிலாந்து ஊர்ப் பெயர், கறுப்பின அமெரிக்கர்களின் குடும்பப் பெயரான கதை!

வாஷிங்டன்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வர்றாங்க? அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனா? ஹாலிவுட் நடிகர் டென்சல் வாஷிங்டனா? இல்ல, நம்ம ஊரு ஆல்ரவுண்டர் வாஷிங்டன் சுந்தரா?

மூணு பேரும் மூணு வேற உலகம். ஆனா, அந்தப் பெயர் புறப்பட்ட இடம் ஒண்ணுதான். வட இங்கிலாந்தில் இருக்கும் ஓர் ஊர்!

இன்னொரு ஆச்சர்யமும் இருக்கு. 2000-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1 லட்சத்து 63 ஆயிரம் பேர். அவர்களில் 90 சதவிகிதம் பேர் கறுப்பினத்தவர்கள். ஓர் ஆங்கிலேய நிலப்பிரபுக் குடும்பத்தின் பெயர் எப்படி இவர்களிடம் வந்தது?

நிலம் மாறினா பேரும் மாறும்!

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினாங்க. அதுக்கு முன்னாடி அங்கே பெரும்பாலானவர்களுக்கு ஒத்தைப் பெயர்தான். தலைமுறை தலைமுறையா வரும் குடும்பப் பெயரெல்லாம் கிடையாது. நார்மன் பிரபுக்கள்தான், தங்கள் கையில் இருக்கும் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தாங்க.

12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற பிரபு, டர்ஹாம் பகுதியில் வாஷிங்டன் என்ற ஊரின் நிலத்தைப் பெற்றார். ஹெர்ட்பர்ன்காரர், வாஷிங்டன்காரர் ஆகிட்டார். பெயரும் மாறிடுச்சு.

சரி, அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர்? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், ‘வாஸா என்பவரோடு தொடர்புடைய பண்ணை’ என்பதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் பண்ணை, குடியிருப்பு. நம்ம ஊர்ப் பெயர்களில் பட்டி, பாளையம் வர்ற மாதிரி, அங்கே ‘டன்’.

அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை தெற்கே நகர்ந்தது. கம்பளி வியாபாரியான லாரன்ஸ் வாஷிங்டன், 1539-ல் சல்கிரேவ் என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். குடும்பத்தின் சின்னம், வெள்ளைப் பின்னணியில் ரெண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூணு சிவப்பு நட்சத்திரங்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டன் டி.சி-யின் கொடி அதேதான்!

கடல் தாண்டிய பெயர்

1650-களில் ஜான் வாஷிங்டன் என்பவர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ். வர்ஜீனியாவில் புகையிலைப் பண்ணைகள்தான் பணம். அந்தப் பண்ணைகளில் வேலை செய்ய ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். ஜார்ஜுக்கு 11 வயது இருக்கும்போது அப்பா இறந்துபோக, நிலத்தோடு சேர்த்து மனிதர்களும் அவருக்குச் ‘சொத்தாக’ வந்தார்கள்.

1799-ல் அவர் இறந்தபோது மவுன்ட் வெர்னன் பண்ணையில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். தனக்குச் சொந்தமானவர்களை மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். மனைவி மார்த்தா 1801-லேயே அவர்களை விடுவித்துவிட்டார். ஆனால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்கல. மார்த்தாவின் முதல் கணவரின் சொத்துக் கணக்கில் வந்தவர்கள் அடிமைகளாகவே நீடிச்சாங்க.

ஜார்ஜுக்கு ரத்த வாரிசு இல்லை. ஆனால், அவர் பெயரைச் சுமந்த ஒருத்தர் அவருக்கு முன்னாடியே கிளம்பிட்டார். ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்து, மவுன்ட் வெர்னனில் அடிமையாக இருந்தவர் ஹாரி. 1776-ல் தப்பித்து, விடுதலை தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் படையிடம் போய்ச் சேர்ந்தார். 1783-ல் பிரிட்டிஷ் கப்பலில் அமெரிக்காவை விட்டுக் கிளம்பியபோது, பதிவேட்டில் அவர் பெயர் ‘ஹாரி வாஷிங்டன்’. கனடாவின் நோவா ஸ்கோஷியா போய், 1792-ல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குத் திரும்பினார். 1800-ல் அங்கே ஆட்சி செய்த பிரிட்டிஷ் கம்பெனியின் நிலவரியை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்து நாடு கடத்தப்பட்டார். பிரிட்டிஷ் வரியை எதிர்த்த ரெண்டு வாஷிங்டன்கள்... ஒருத்தர் அதிபர், இன்னொருத்தர் அவரிடமிருந்து தப்பியவர்!

பெயர் இல்லாத பட்டியல்

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் போட்டாங்க. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் மட்டும்தான். பெயர் இருக்காது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1870-ல்தான் இந்த லட்சக்கணக்கான மக்களின் பெயர்கள் முதல்முறையாகக் கணக்கெடுப்புத் தாளில் ஏறின.

‘முதலாளி பெயரை அப்படியே வெச்சுக்கிட்டாங்க’ என்று பொதுவாக நினைப்போம். அது பாதிக் கதைதான். பலருக்கு ஏற்கெனவே குடும்பப் பெயர் இருந்தது. முதலாளிகள் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். விற்கப்பட்டுப் பிரிந்த சொந்தங்கள் என்றாவது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையில் பழைய பண்ணைப் பெயரைச் சிலர் விடாமல் வைத்திருந்தார்கள். வேறு சிலர், புது வாழ்க்கைக்கு ஒரு மரியாதையான பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டின் முதல் அதிபர் பெயரைவிடப் பெரிய பெயர் எது?

கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் கதையைப் பாருங்க. 1856-ல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனார். வருகைப் பதிவு எடுக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ரெண்டு பெயர். இவருக்கு ‘புக்கர்’ மட்டும்தான். தன் முறை வந்ததும் அந்தப் பையன், ‘புக்கர் வாஷிங்டன்’ என்று சொல்லிட்டான்! வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர் வாஷிங்டன். பின்னாளில் 1881-ல் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரானார்.

எல்லோரும் இப்படி யோசிக்கவில்லை. மால்கம் லிட்டில், ‘லிட்டில் என்பது அடிமை முதலாளி வைத்த பெயர்’ என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘மால்கம் எக்ஸ்’ ஆனார். தெரியாமல்போன ஆப்பிரிக்கப் பெயருக்குப் பதிலாக அந்த ‘எக்ஸ்’. பெயரை எடுத்துக்கிட்ட புக்கருக்கும், விட்டெறிந்த மால்கமுக்கும் கேள்வி ஒண்ணுதான்... ‘என் பெயரை முடிவு செய்வது யார்?’

சென்னைக்கு எப்படி வந்துச்சு?

நம்ம ஊரில் அது குடும்பப் பெயரே இல்லை, முதல் பெயர்! வாஷிங்டன் சுந்தரின் அப்பா வசதியில்லாத பிள்ளையாக இருந்தபோது, படிப்புக்கும் கிரிக்கெட்டுக்கும் கைகொடுத்தவர் வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரர். அந்த நன்றிக்காகத்தான் மகனுக்கு அந்தப் பெயர். ஸ்கோர் போர்டில் பின்னாடி வரும் ‘சுந்தர்’, அப்பாவின் பெயர்.

வாஸாவின் பண்ணை, பிரபுவின் அடையாளம், அதிபரின் புகழ், விடுதலை பெற்றவர்களின் தேர்வு, ஒரு தமிழ் அப்பாவின் நன்றிக்கடன்... ஒரே பெயருக்குள்ள இவ்வளவு இருக்கு. உங்க பேரை யார் வெச்சாங்க, ஏன் வெச்சாங்கன்னு வீட்டுல கேட்டிருக்கீங்களா மக்களே?